1932 ஃபோர்டு கூப்பே: டேஷ்போர்டா, கூரையா, எதை முதலில் தொடுவது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கேள்விகள். பாதி வேலையில் நின்றுபோன 1932 ஃபோர்டு ஐந்து ஜன்னல் கூப்பே (இரண்டு கதவு கொண்ட மூடிய கார்) ஒன்றை டெக்சாஸில் வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் டேஷ்போர்டில் ஏழு ஓட்டைகள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கே எந்த மீட்டர் பலகையைப் பொருத்தினால் ஹாட் ராட் (வேகத்துக்காக வெட்டி மாற்றிய பழைய கார்) களை வரும் என்பது ஒன்று. தூண்களை வெட்டிக் கூரையை 3 அங்குலம் தணிக்கும் வேலையை வீட்டு கராஜிலேயே முடித்துவிடலாமா என்பது மற்றொன்று. ஆனால் கடைசி வரியில், 'எதை முதலில் தொடுவது?' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. என் பதில்: இரண்டையும் இப்போது தொடாதீர்கள். இருக்கையைப் பொருத்தி, ஸ்டியரிங்கை மாட்டி, வண்டிக்குள் ஏறி உட்காருங்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் பழைய வண்டிகளுக்குத் தகட்டு வேலை செய்யும் பட்டறையில் 22 ஆண்டுகள் இருந்தவன். ஊரில் டிங்கரிங் என்போமே, அதே தொழில்தான்; வண்டிகளும் கூலியும்தான் வேறு. தகடு, வெல்டிங், ஈயம், பட்டி ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். ஒயரிங் எனக்குக் கைப்பழக்கம் அளவுக்குத்தான். என்ஜின் விஷயத்தில் என்னை நம்பாதீர்கள். உங்கள் வண்டியை நான் பார்த்தது இரண்டு படங்களில் மட்டுமே. தகட்டு வேலையில் விரலால் தடவிப் பார்ப்பதற்கு ஈடாகப் படம் நிற்காது.

இந்த இரண்டு வேலைகளும் எதற்காகத் தோன்றின என்பதை அறிந்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீரும். 1932இல் ஃபோர்டு தன் மலிவு விலைக் காரில் வி8 என்ஜினை வைத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத் திறன். டேஷ்போர்டின் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு சிறு பலகை. அதில் ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர், பெட்ரோல் மீட்டர் ஆகிய மூன்றே மூன்று. எண்ணெய் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு என்று சொல்ல எதுவும் இல்லை. கடைக்குப் போய்வரும் குடும்பத் தலைவருக்கு அது போதும். ஆனால் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் அந்த என்ஜினைப் பிழிந்து ஓட்டிய இளைஞர்களுக்கு அது போதவில்லை. எண்ணெய் அழுத்தம் விழுந்ததைத் தாமதமாகத் தெரிந்துகொண்டால் என்ஜினே போய்விடும். ஆகவே டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகட்டுத் துண்டைத் தொங்கவிட்டு அதில் கூடுதல் மீட்டர்களை மாட்டினார்கள். அந்த வி8இல் இரு பக்கத்துக்கும் தனித்தனித் தண்ணீர் பம்ப் உண்டு; ஒரு பக்கம் கொதிக்கும்போது மறுபக்கம் அமைதியாக இருக்கலாம். பழைய ஹாட் ராட்களில் சிலவற்றில் வெப்ப மீட்டர் இரண்டு இருப்பதற்குக் காரணம் இதுதான், அலங்காரம் அல்ல. அடுத்த கட்டமாக, உடைக்கக் கிடந்த ஆபர்ன் கார்களின் பெரிய மீட்டர் பலகையைக் கழற்றி வந்து ஃபோர்டில் பொருத்தினார்கள். ஸ்டூவர்ட்-வார்னர் மீட்டர்கள் வரிசையாக அமர்ந்த டேஷ்போர்டு அப்படித்தான் ஓர் அடையாளமாக மாறியது.

கூரையின் கதையும் அதே வகை. காற்றின் தடை வண்டியின் முன்முகப் பரப்பைப் பொறுத்தது. அந்தத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். என்ஜினைப் பெரிதாக்கப் பணம் வேண்டும், கூரையைத் தணிக்க ரம்பம் போதும். ஏரிப்படுகை ஓட்டங்களில் வேகத்தை அளந்த, 1937இல் தொடங்கிய தெற்கு கலிபோர்னியா டைமிங் சங்கம் பல ஆண்டுகள் மூடிய கூப்பேக்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. திறந்த ரோட்ஸ்டர்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. கூப்பேக்காரர்கள் ருசெட்டா என்ற வேறு சங்கத்தின் ஓட்டங்களுக்குப் போனார்கள். பியர்சன் சகோதரர்களின் 1934 கூப்பேயைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கூரை ஏறக்குறைய கதவோடு ஒட்டிக் கிடக்கும். அது ஏரிப்படுகையில் நேர்கோட்டில் ஓட்டுவதற்கென்று செய்தது. அதை வைத்துக்கொண்டு டாலஸ் நெரிசலில் சிக்னல் பார்க்க முடியாது.

ஆக, இரண்டு வேலைகளும் ஓட்டுபவரின் கண்ணையும் கையையும் நடுவில் வைத்துப் பிறந்தவை. கூரை 3 அங்குலம் இறங்கினால் கண்ணாடியின் மேல் விளிம்பு உங்கள் புருவத்துக்கு வரும். பார்வை வேண்டுமென்று இருக்கையைத் தணிப்பீர்கள். இருக்கை தணிந்ததும் ஸ்டியரிங் வளையம் நெஞ்சுக்கு நேராக உயரும். அதன் கோணத்தை மாற்றுவீர்கள். கோணம் மாறியதும் வளையத்தின் மேற்பகுதி சரியாக மீட்டர் பலகையை மறைக்கும். இந்தச் சங்கிலியை நான் அனுபவித்துத்தான் கற்றேன். பட்டறையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒரு வாடிக்கையாளரின் கூப்பேயில் பெரிய மீட்டர் பலகை ஒன்றை மூன்று நாள் உட்கார்ந்து வெட்டிப் பொருத்தினேன். பார்த்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். இருக்கையும் ஸ்டியரிங்கும் இரண்டு மாதம் கழித்து வந்தன. ஓட்டுபவர் இடத்தில் உட்கார்ந்தால் ஸ்பீடோமீட்டரில் மணிக்கு 40 மைல் முதல் 70 மைல் வரை வளையத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சாலையில் வழக்கமாக ஓட்டும் வேகமெல்லாம் அதற்குள் அடக்கம். டேஷ்போர்டை மீண்டும் வெட்டினேன், சொந்தச் செலவில்.

எனவே முதல் வாரம் இப்படிப் போகட்டும். வண்டி தன் சக்கரங்களில், ஓடும்போது நிற்கும் உயரத்தில் நிற்க வேண்டும். தரைத்தகடு, இருக்கை, பெடல்கள், ஸ்டியரிங் ஆகியவை தற்காலிகமாகவாவது இடத்தில் இருக்கட்டும். இருக்கை என்றால் மெத்தையோடு. மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அளந்தால் மெத்தை அமுங்கும் ஓரிரண்டு அங்குலம் கணக்கில் வராது. வழக்கமாக ஓட்டும்போது சாய்வதுபோல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வேறொருவரை விட்டு உங்கள் கண்மட்டத்தைக் கதவுத் தூணில் ஒட்டுநாடாவால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு முன்கண்ணாடியின் மேல்பகுதியில் 3 அங்குலத்துக்கு அட்டை ஒட்டுங்கள். பக்கக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் அதே அளவு. அரை மணி நேரம் உள்ளேயே இருந்து பாருங்கள். எதிர்ச் சுவரில், சிக்னல் விளக்கு தெரியும் உயரக் கணக்கில் ஒரு குறி வைத்து அது தெரிகிறதா என்று பாருங்கள். பத்துப் பேரில் நான்கு பேராவது இந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு அரை அங்குலமோ ஓர் அங்குலமோ குறைத்துக்கொள்வதைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். அட்டையைக் கிழித்துப் போடலாம், தூணை அப்படிச் செய்ய முடியாது.

உட்காரும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. உங்கள் வண்டியின் உடல் 1932இல் ஃபோர்டு ஆலையில் அழுத்தப்பட்ட தகடா, அல்லது பின்னாளில் செய்த நகலா? ஒஹாயோவிலேயே புரூக்வில் என்ற ஊரில் 1932 ஃபோர்டுக்குப் புது எஃகு உடல் செய்து விற்கிறார்கள். கண்ணாடியிழை உடல்களும் ஏராளம். கண்ணாடியிழை என்றால் காந்தம் காட்டிக்கொடுக்கும். எஃகிலேயே பழையதா புதியதா என்றால், உட்புறம் மரத்துண்டுகள் இருந்த தடங்கள், அடித்தட்டில் பழைய ஒட்டுகள், பல அடுக்குப் பெயிண்ட் ஆகியவற்றைத் தேட வேண்டும். படத்தை வைத்து இதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அருகில் அனுபவமுள்ள ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அப்படியே சேசிஸ் எண்ணையும் பார்த்துவிடுங்கள். அந்த ஆண்டு வி8 வண்டிக்கு 18 என்று தொடங்கும் எண் சேசிஸின் இடது பக்க நீளச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். உரிமைப் பத்திரத்தில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இல்லையென்றால், டேஷ்போர்டு அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் வாகனப் பதிவு அலுவலகத்தில் பேச வேண்டியிருக்கும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அசல் தகடாக, யாரும் கூரையில் கைவைக்காததாக இருந்தால் வெட்டலாமா? தொழிலில் உள்ளவர்கள் இதில் இரண்டு கட்சி. ஹாட் ராட் என்பதே வெட்டிப் பிறந்ததுதான், இதில் என்ன புனிதம் என்பது ஒரு கட்சி. என் கட்சி வேறு: அசல் உடலாக இருந்தால் கூரையை விட்டுவிடுங்கள், முன் அச்சைத் தணித்து, சக்கரம் மாற்றி, உட்புறத்தில் உங்கள் கைவண்ணத்தைக் காட்டுங்கள். வெட்டித்தான் தீர வேண்டுமென்றால் நகல் உடலை வாங்கி வெட்டுங்கள். இது ரசனையும் மனச்சாய்வும் கலந்த கருத்து. தகட்டு அறிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டேஷ்போர்டுக்கு வருகிறேன். அந்த ஏழு ஓட்டைகளை அடைப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். 1932க்கான டேஷ்போர்டு தகடு நகலாகவே கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது அசல் என்றால் கழற்றி எண்ணெய் தடவிச் சுற்றி வைத்துவிட்டு, நகலில் விளையாடுங்கள். புது டேஷ்போர்டில் முதலில் மீட்டரை வைக்காதீர்கள். மீட்டர் அளவுக்கு அட்டை வட்டங்கள் வெட்டி, ஒட்டுநாடாவால் ஒட்டி, இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டியரிங் வளையத்தின் மேல் பாதிக்குள்ளே தெரியும் இடத்தில் ஸ்பீடோமீட்டரும் எண்ணெய் அழுத்தமும் இருக்கட்டும். மற்றவை நடுவில் இருந்தால் போதும். பெட்ரோல் அளவை நொடிக்கு நொடி யாரும் பார்ப்பதில்லை. ஸ்பீடோமீட்டரின் பின்புற ஆழத்தையும் அளக்க மறக்காதீர்கள். கேபிள் வெளியே வந்து மடங்கவும் இடம் வேண்டும். கேபிளைச் சட்டென்று மடக்கினால் முள் நடுங்கும். காற்றுத் திறப்பின் கைப்பிடி, ஏசி வைப்பதாக இருந்தால் அதன் பெட்டி எல்லாம் அந்த இருட்டுக்குள்தான் இடம் தேடும்.

ஆபர்ன் பாணிப் பலகை உங்களுக்குப் பிடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பிடிக்கும். அந்தக் காலத்துப் பலகைகளில் பலவற்றின் முகத்தில், மீன் செதில் அடுக்கியதுபோல வட்ட வட்டமாக ஒரு மினுக்கு வேலை இருக்கும். 1927இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய லிண்ட்பெர்க்கின் விமானத்து முன்மூடியிலும் அதே வேலைதான். செய்வது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும்: துளையிடும் இயந்திரத்தில் உப்புக்காகிதம் ஒட்டிய குச்சியையோ ரப்பர் கட்டையையோ மாட்டி, தகட்டின் மேல் ஒரு நொடி அழுத்தி எடுக்க வேண்டும், அடுத்த வட்டம் முந்தையதில் பாதியை மூட வேண்டும், வரிசை கோணினால் தூரத்திலிருந்தே தெரியும். ஓர் எச்சரிக்கை. வெயில் சாய்வாக விழும் மாலையில் அது கண்ணைப் பறிக்கும். டெக்சாஸ் வெயிலுக்கு நானாக இருந்தால் மினுக்கை மீட்டர் பலகையோடு நிறுத்திக்கொண்டு, டேஷ்போர்டின் மேல் பகுதியை மங்கலான நிறத்தில் விடுவேன்.

மீட்டர்களில் பலரும் தடுக்கி விழும் இடம் பெட்ரோல் மீட்டர். அசல் 1932 வண்டியில் மின்சாரமே இல்லாத ஏற்பாடு: டாங்கிலிருந்து மெல்லிய குழாய் வழியே வரும் காற்றழுத்தம் ஒரு சிவப்புத் திரவத்தை மேலே தள்ளிக் காட்டும். அதைத் திரும்ப ஓட வைப்பது பக்திமான்களின் வேலை. நீங்கள் புது மின்மீட்டர் போட்டால், டாங்கில் உள்ள மிதவையின் மின்தடையும் மீட்டர் எதிர்பார்க்கும் மின்தடையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் நெடுங்காலம் இருந்தது காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். பழைய ஃபோர்டில் காலிக்கு ஏறக்குறைய 73, நிறைவுக்கு 10 அளவில். தனியாக விற்கும் மீட்டர்களில் பரவலாக இருப்பது காலிக்கு 240, நிறைவுக்கு 33. ஒன்றின் மிதவையை மற்றொன்றின் மீட்டரோடு இணைத்தால், டாங்க் நிறைந்திருக்கும்போது காலி என்றோ, காலியானபின் பாதி என்றோ முள் கூசாமல் பொய் சொல்லும். மீட்டரையும் மிதவையையும் ஒரே செட்டாக வாங்குங்கள்.

அம்மீட்டர் வேண்டாம். பழைய 6 வோல்ட் ஜெனரேட்டர் தந்த சிறு மின்னோட்டத்துக்கு அது சரி. வண்டியின் மின்சாரம் முழுவதும் அதன் வழியே டேஷ்போர்டுக்குப் போய்த் திரும்பும். இப்போது போடும் 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியருக்கு மேல் தள்ளும்போது அந்த ஒயரும் மீட்டரும் அடுப்பாகிவிடும். வோல்ட் மீட்டர் போடுங்கள். பார்த்தால் அதே போலத்தான் இருக்கும். குழாய் வைத்த பழைய பாணி எண்ணெய் அழுத்த மீட்டர் நம்பகமானது, ஆனால் கொதிக்கும் எண்ணெய் உங்கள் முழங்காலுக்கு மேல் ஓடுகிறது என்பதை மறக்காமல் நல்ல குழாய் போடுங்கள். குழாய் வைத்த வெப்ப மீட்டரில் உள்ள மெல்லிய குழாயை நீளம் அதிகமென்று வெட்டிவிடாதீர்கள். உள்ளே ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கிறது. வெட்டினால் மீட்டர் செத்துவிடும். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி வையுங்கள். பெயிண்ட் அடித்த டேஷ்போர்டு எர்த் தராது. ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் ஒயர் கொடுங்கள். இதற்கு மேல் ஒயரிங்கில் நான் வாய் திறக்கவில்லை.

இனி கூரை. வீட்டு கராஜில் செய்யலாமா என்றால், வெல்டிங்கில் ஏற்கெனவே கை பழகியிருந்தால் செய்யலாம். இதுதான் உங்கள் முதல் வெல்டிங் என்றால் கூடாது. 1932 கூப்பே, 1934ஐவிட எளிது. தூண்கள் அவ்வளவு சாய்ந்திருக்காது. ஆனால் எளிது என்பதற்காக எல்லாத் தூணிலும் 3 அங்குலம் அறுத்துவிட்டுக் கூரையை நேராகக் கீழே வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். முன்தூண் செங்குத்திலிருந்து 10 பாகை பின்னால் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 76 மில்லிமீட்டர் எடுத்துவிட்டு நேராக இறக்கினால், மேல்துண்டின் முனை கீழ்த்துண்டின் முனைக்குச் சுமார் 13 மில்லிமீட்டர் பின்னால் போய் நிற்கும். பொருத்தக் கூரையை முன்னால் தள்ள வேண்டும். பின்பக்கமோ மேலே போகப்போக முன்னால் சாய்வது. அங்கே கூரையைப் பின்னால் இழுக்க வேண்டும். முன்னாலும் போக வேண்டும், பின்னாலும் போக வேண்டும் என்றால் கூரையைக் குறுக்கே வெட்டி நடுவில் பட்டைத் தகடு சேர்த்து நீட்டுவதுதான் வழி. இதோடு தூண்கள் கீழே தடித்தும் மேலே மெலிந்தும் இருப்பதால் வெட்டுவாய்கள் ஒன்றோடொன்று சரியாக உட்காரா. அங்கே கீறிவிட்டு, மடக்கி, திறந்து பொருத்த வேண்டும்.

அறுக்கும் முன் செய்ய வேண்டியதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. உடல் சேசிஸில் இறுக்கப்பட்டு, கதவுகள் மூடிய நிலையில், கதவு இடைவெளிகள் சரி செய்யப்பட்டிருக்க வேண்டும். இடைவெளி இப்போதே கோணலாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கூரை போனபின் உடல் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி தள்ளாடும். உள்ளே சதுரக் குழாய்களை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தாங்கு வெல்டிங் செய்யுங்கள். மூலைவிட்ட அளவுகளைச் சுவரிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பக்கத்தில் இருக்கட்டும். தூணை எங்கே வெட்டுவது என்றால், கீலுக்கும் பூட்டுக்கும் விலகி, தூண் நேராகப் போகும் பகுதியில். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் ஒரே மட்டத்தில் வெட்டாமல் படிபோல ஏற்றி இறக்கி வெட்டினால் மூட்டு வலுவாக இருக்கும். முதலில் 3 அங்குலத்துக்குப் பதிலாக இரண்டே முக்கால் எடுங்கள். மிச்சத்தை அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். ஐந்து ஜன்னல் கூப்பேயில் கதவுக்குப் பின்னே இன்னொரு ஜன்னல் இருப்பதால், மூன்று ஜன்னல் கூப்பேயைவிடக் கூடுதலாக ஒரு சோடித் தூண் உங்களுக்கு. பின்கண்ணாடியிலும் முழு 3 அங்குலத்தை எடுத்தால் அது தபால் பெட்டி வாய் ஆகிவிடும். கண்ணாடிக்கு மேலும் கீழும் தகட்டில் பிரித்து எடுத்துக் கண்ணாடியின் உயரத்தைக் கொஞ்சம் காப்பாற்றுவது நல்லது.

உங்கள் கூரையின் நடுவில் தகடு இருக்காது. மரச்சட்டத்தின் மேல் துணி போட்ட திறப்புதான் இருக்கும். ஃபோர்டு முழு எஃகுக் கூரைக்கு மாறியது 1937இல். பெரும்பாலோர் அந்தத் திறப்பைத் தகட்டால் மூடிவிடுகிறார்கள், நானும் அதையே சொல்வேன். ஆனால் தட்டையான தகட்டை வெட்டி ஒட்டினால் ஓடும்போது மேளம் வாசிக்கும். இரு திசையிலும் மெல்லிய வளைவு வேண்டும். தகட்டை வளைக்கும் உருளைச் சக்கர இயந்திரம் இல்லையென்றால், பின்னாளைய ஸ்டேஷன் வேகன் கூரையிலிருந்து வளைவு ஒத்துப்போகும் துண்டை வெட்டி எடுத்து வைக்கலாம். பழையவர்கள் செய்ததும் அதுதான். தகடு 19 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவில்.

இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் கேட்டுவிடுங்கள். நன்றாகப் பொருந்திய கூரைத் தகட்டை, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், ஒரு மூலையிலிருந்து தொடங்கி இடைவிடாமல் வெல்டிங் இழுத்துக்கொண்டு போனேன். சாப்பிட்டு வந்து கைவைத்தால் கூரை 'டொக்' என்று உள்ளே போனது. கையை எடுத்தால் 'டொக்' என்று வெளியே வந்தது. உருகிய கோடு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது சுற்றியுள்ள தகட்டை இழுக்கும். இழுபட்ட தகடு நடுவில் போக்கிடமில்லாமல் பொங்கும். இரண்டு நாள் வேலையைக் காப்பாற்ற ஒன்பது நாள் ஆனது. சரியான முறை: ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி, அதுவும் அடுத்தடுத்து வைக்காமல் இங்கொன்று எதிர்ப்பக்கம் ஒன்றாக. கை தாங்கும் சூட்டுக்கு வந்தபின் இடையில் இன்னொரு புள்ளி. இப்படியே இடைவெளிகளைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். கம்பி தானாக வரும் மிக் வெல்டிங்கின் கோடு கடினமாக இருக்கும், தட்டி நீட்டுவது சிரமம். டிக் வெல்டிங்கோ கேஸ் வெல்டிங்கோ என்றால் கோடு மென்மையாக இருக்கும். பின்னால் இரும்புக் கட்டை பிடித்துச் சுத்தியலால் தட்டினால், சுருங்கியது திரும்ப நீளும். தகட்டின் மேல் தகடு ஏற்றி ஒட்டாதீர்கள். அந்த இடுக்கில் தண்ணீர் குடியிருக்கும்.

மூட்டுகளை நிரப்ப ஈயமா, பட்டியா? எங்கள் தொழிலில் நாள் முழுக்கச் சண்டை போடத்தக்க விஷயம் இது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவில் வந்த காலம் நினைவிருந்தால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அவர் நவச்சாரம் தூவி, பாத்திரத்தைச் சூடாக்கி, வெள்ளீயத்தைத் துணியால் தடவுவார். இங்கேயும் முதல் படி அதேதான்: தகட்டைச் சுத்தம் செய்து, அமிலம் கலந்த பசை தடவி, மெல்லிய ஈய முலாம் ஏற்ற வேண்டும். அதன்மேல் வைப்பது 70 பங்கு காரீயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த கம்பி. இந்தக் கலவை 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும், முழுக்க ஓட 250 பாகையைத் தாண்ட வேண்டும். இடைப்பட்ட சூட்டில் அல்வாப் பதத்தில் நிற்கும்; மெழுகு தடவிய மரக்கட்டையால் அப்போதுதான் வழித்து உருவாக்குவார்கள். பதம் தவறினால் தரையில்தான் இருக்கும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் நன்றாகக் கழுவாவிட்டால், மிச்ச அமிலம் ஆறு மாதம் கழித்துப் பெயிண்டைக் கொப்புளமாக்கும். ஈயத்தை இயந்திரத்தால் தேய்க்கவே கூடாது, அரம் மட்டும். தூள் மூச்சில் போனால் காரீய நஞ்சு. அந்தத் துணியோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். என் வழக்கம்: தூண் மூட்டுகளிலும் கதவு விளிம்புகளிலும் ஈயம்; மற்ற இடங்களில் தகட்டைத் தட்டியே நேராக்கிவிட்டு, எபாக்சி பிரைமருக்கு மேல் மெல்லிய பட்டி. பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் தகட்டு வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். இன்றைய பட்டி நல்ல பொருள்தான். அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது விரற்கடை தடிமனில் அப்பிய கைகள்.

கதவுக் கைப்பிடிகளை எடுத்துவிட்டு மின்பூட்டு வைக்கும் யோசனை பற்றி ஒரு வரி: வையுங்கள், ஆனால் பேட்டரி செத்தாலும் வெளியிலிருந்து கதவைத் திறக்க மறைவாக ஒரு கம்பி இழுப்பு இருந்தே ஆக வேண்டும். உடலைச் சேசிஸுக்கு மேல் இறக்கி அமர்த்தும் யோசனையைக் கைவிடுங்கள். கூரையும் தணிந்து தரையும் உயர்ந்தால் உங்கள் ஆறடி உயரத்துக்கு உள்ளே இடமே இராது. வெறும் பிரைமரோடு ஓட்டும் பழைய களை பிடித்திருந்தால், பிரைமரில் பல வகை ஈரத்தை உறிஞ்சும் என்பதை நினைவில் வையுங்கள். மேலே மங்கலான பூச்சு ஒன்று அடித்தால் அதே தோற்றம், துருவும் பிடிக்காது.

கண்ணாடியைக் கடைசியில் வெட்டுங்கள். தகட்டு வேலை முடிந்தபின் மெல்லிய பிளைவுட்டில் மாதிரி வெட்டி, சட்டத்தில் வைத்துப் பார்த்து, அந்த மாதிரியைக் கண்ணாடிக்காரரிடம் கொடுங்கள். எல்லாம் தட்டைக் கண்ணாடி என்பது இந்த வண்டியில் நமக்குக் கிடைத்த வரம். இரண்டு அடுக்கு ஒட்டிய லாமினேட் கண்ணாடியை வெட்டலாம்; சூடேற்றிக் கடினமாக்கியதை வெட்டினால் பொடிப்பொடியாகும். துடைப்பான் மோட்டார் முன்கண்ணாடிக்கு மேல் உள்ள சட்டத்தில் இருப்பதால் அது கூரையோடு இறங்கிவிடும். கையின் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

சீட் பெல்ட்டைத் தரைத்தகட்டிலோ மரத்திலோ கட்டாதீர்கள். சேசிஸோடு இணைந்த குறுக்குக் குழாயில் கட்டுங்கள். அந்தக் குழாயை வைக்க உகந்த நேரம் கூரைக்காக உள்ளே தாங்கு கொடுக்கும் அதே வாரம்தான். ஸ்டியரிங் தண்டும் அப்படியே. பழைய வண்டியில் அது நெஞ்சை நோக்கி நீட்டிய ஒற்றை ஈட்டி. அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு மோதலில் மடங்கும் தண்டு கட்டாயமானது 1968இல்தான். மடங்கும் தண்டு ஒன்றைத் தேடி வாங்குங்கள், அதைப் பொருத்தியபின் டேஷ்போர்டு அட்டை வட்டங்களை மறுபடி ஒட்டிப் பாருங்கள். வளையத்தின் இடம் ஓர் அங்குலமாவது மாறியிருக்கும்.

அட்டை ஒட்டி உட்கார்ந்து பார்த்தபின், கண்மட்டத்திலிருந்து கண்ணாடியின் மேல் விளிம்பு வரை எத்தனை அங்குலம், வளையத்தின் மேல்முனைக்கு எத்தனை என்ற இரண்டு அளவுகளையும், ஓட்டுபவர் இடத்திலிருந்து எடுத்த படம் ஒன்றையும் இங்கேயே போடுங்கள். கதவு இடைவெளியைக் காட்டும் படமும் வேண்டும், இரு பக்கமும். அதைப் பார்த்துவிட்டு எந்தத் தூணை எங்கே வெட்டலாம் என்று சொல்கிறேன்.